சிவப்புக் கோடு வராத வார்த்தை

காலை ஒன்பதே காலுக்குச் சென்னை அலுவலகத்திலிருந்து ரவிச்சந்திரன் போன் செய்தார். எப்போதும் முதலில் "சாப்ட்டியாம்மா?" என்று கேட்கும் முதலாளி இன்று கேட்கவில்லை.

"நம்மகிட்ட குஞ்சு வாங்கற நெல்லூர்க்காரர் நம்ம கடிதத்தையே திருப்பி அனுப்பியிருக்கார். குவாரண்டைன்ங்கிற வார்த்தையைச் சுத்திச் சிவப்பு மையில வட்டம். ஒரு இடத்துல இல்ல, நாலு இடத்துல. இதை எழுதத் தெரியாதவங்க இதைச் செய்வாங்கன்னு எப்படி நம்புறதுன்னு கேக்கறார்."

வச்சலாவுக்குக் காது சூடானது.

"இனிமே எந்த மெயிலும் ஸ்வாதி பார்த்த பிறகுதான் போகணும். கீழ பேரும் அவ பேரே இருக்கட்டும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சாலைக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் அந்த இறால் குஞ்சுப் பொரிப்பகத்தில் வச்சலா ஆபீஸ் வேலைக்குச் சேர்ந்து பதினான்கு மாதம் ஆகிறது. பக்கத்துக் குப்பத்துப் பெண். அப்பா மூர்த்தி படகில் போகிறவர். செங்கல்பட்டுக்குப் பஸ்ஸில் போய் வந்து பி.காம். முடித்தவள். தாசில்தார் கொடுத்த முதல் பட்டதாரிச் சான்றிதழை அம்மா இன்னும் ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறாள். ஒரு வருடம் அவள் தட்டிய கடிதமெல்லாம் சென்னை அலுவலகத்து ஸ்வாதி பார்த்து, அவள் பெயரில்தான் போனது. இரண்டு மாதத்துக்கு முன்புதான் "உன் பேரையே போட்டுக்கோ" என்றார் ரவிச்சந்திரன். அது இப்போது போய்விட்டது.

அவளுக்கு ஒன்று விளங்கவில்லை. எழுத்துப் பிழை இருந்தால் கம்ப்யூட்டரில் வார்த்தைக்குக் கீழே சிவப்புக் கோடு வந்திருக்க வேண்டுமே? அவள் கடிதங்களைப் படித்துப் பார்த்துச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. அந்தச் சிவப்புக் கோடு ஒன்றைத்தான் நம்பியிருந்தாள். புதிய மெயிலைத் திறந்து அந்த வார்த்தையைத் தட்டினாள். கோடு வரவில்லை. அதையே தன் செல்போனில் தட்டினாள். உடனே கோடு விழுந்தது. நடுவில் ஆங்கில ஏ (a) வர வேண்டிய இடத்தில் ஈ (e) போட்டிருந்தாள்.

செல்போனுக்குத் தெரிந்தது கம்ப்யூட்டருக்கு ஏன் தெரியவில்லை? யோசித்தபோது வேலைக்கு வந்த முதல் வாரம் ஞாபகம் வந்தது. இறால் வகையான வனாமி, அப்போதுதான் பொரிந்த குஞ்சான நாப்ளி, அதன் தீவனமான ஆர்ட்டீமியா என்று எது தட்டினாலும் சிவப்பு. பயந்துபோய்த் தொட்டி டெக்னீஷியன் சுதாகரைக் கேட்டாள். "இதெல்லாம் எறா பாஷை. கம்ப்யூட்டருக்கு இன்னா தெரியும்? செவப்பா வந்தா ஆட் டு டிக்ஷனரி குடு, அவ்ளோதான்" என்றான் அவன். அதுதான் இந்த அலுவலகத்தில் எல்லோரும் செய்வது. அவளும் சிவப்பாக வந்ததையெல்லாம் அகராதியில் சேர்த்தாள். குவாரண்டைனையும் இறால் பாஷை என்று நினைத்துச் சேர்த்திருக்கிறாள்.

ஆனால் அந்த எழுத்துகளை எங்கே கற்றாள்? எழுந்து ஷெட்டுக்குப் போனாள். வெளியிலிருந்து வரும் தாய் இறாலைத் தனியாக வைக்கும் அறையின் கதவில், நீலப் பெயின்டில், அதே ஈ.

"இத யாரு எழுதனது?" என்றாள்.

"நான்தான். இன்னாத்துக்கு?" என்றார் சூப்பர்வைசர் தர்மராஜ்.

"தப்பா கீதுண்ணா."

"பதினோரு வருசமா இந்தக் கதவு வழியாத்தான் தாய் எறா பூந்துகினு கீது. ஒண்ணாச்சும் படிச்சிட்டுத் திரும்பிப் போச்சா?"

சுதாகர் சிரித்தான். வச்சலாவுக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. சுதாகர் அதைப் பார்த்துவிட்டு அவள் பின்னாலேயே ஆபீஸுக்கு வந்தான்.

மெயிலின் செட்டிங்கில் நாலைந்து இடம் தேடிய பிறகு பட்டியல் கிடைத்தது. சேர்த்த வார்த்தைகள் இருநூற்றுப் பன்னிரண்டு, வரிசையாக நின்றன.

"மொத்தத்தையும் அழிச்சிட்டுப் போவியா, பேஜாரு இல்லாம" என்றான் சுதாகர்.

"அழிச்சா வனாமி, நாப்ளி எல்லாம் மறுபடியும் செவப்பா வரும்ணா. அத்தினி செவப்புல நெசமான தப்பு எங்க தெரியும்?"

"அப்ப ஒண்ணொண்ணா பாப்பியா? எறா குஞ்சு எண்றதே மேலு" என்று தொட்டிக்குக் கிளம்பினான்.

அவள் அந்த ஒரு வார்த்தையை முதலில் நீக்கினாள். மறுபடி தட்டிப் பார்த்தாள். சிவப்புக் கோடு வந்தது. ஒரு வருடம் பேசாமல் இருந்தவர் திடீரென்று பேசியது போல இருந்தது. பிறகு ஒவ்வொரு வார்த்தையாகச் செல்போனில் தேடிச் சரிபார்த்தாள். ஆட்கள் பெயர், ஊர்ப் பெயர், தீவனத்தின் பெயர் எல்லாம் சரி. இன்னும் ஐந்து தப்புகள் கிடைத்தன. அதில் இரண்டு அவள் எழுதாத வார்த்தைகள், அவள் இல்லாத நேரத்தில் வேறு யாரோ சேர்த்தது. மூன்று அவளுடையது. இவ்வளவு நாள் சரி என்று நம்பியதில் இன்னும் எத்தனை தப்போ என்று பட்டியலை மேலிருந்து மறுபடி பார்த்தாள். ஆனால் எண்ணி முடித்தபோது ஐந்து ஐந்தாகவே நின்றது. அதற்கு மேல் இல்லை.

அடுத்து, அனுப்பிய மெயில்களில் தேடினாள். முப்பத்தொரு கடிதங்களில் அந்த வார்த்தை போயிருந்தது. ரவிச்சந்திரனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். சொல்லாமல் விட்டால் யாரும் தேடப் போவதில்லை. சொன்னால் மொத்தமாகவே கம்ப்யூட்டர் பக்கம் வராதே என்று சொல்லிவிடலாம். கை மவுஸிலேயே நின்றது. பக்கத்து அறையில் ஏர் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

அவருக்கு எழுதினாள். வார்த்தையை அகராதியில் சேர்த்தது நான். முப்பத்தொரு கடிதங்களில் போயிருக்கிறது, பட்டியல் இணைத்திருக்கிறேன். வேறு ஐந்து தப்புகளையும் எடுத்துவிட்டேன். இனி வேறு இடத்தில் சரிபார்க்காமல் எதையும் சேர்க்க மாட்டேன். நெல்லூர்க்காரருக்குப் பதில் எழுத எனக்கு ஒரு வாய்ப்பு தாருங்கள்.

பதில் மெயில் வரவில்லை. பன்னிரண்டரைக்குப் போன் வந்தது.

"முப்பத்தொண்ணையும் நீயே எண்ணினியா?"

"ஆமா சார்."

"பாதிக்கு மேல ஸ்வாதி பார்த்து அவ பேர்ல போனது. அவளும் கவனிக்கல, நானும் கவனிக்கல." என்றார் அவர். "ஒரு மாசம் வெளிநாட்டுக் கடிதம் மட்டும் அவகிட்ட காட்டு. மத்தது உன் பேர்லயே அனுப்பு. நெல்லூருக்கு இன்னிக்கே எழுது. மன்னிப்பு ஒரு வரி போதும். அவர் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

அவர் கேட்டது என்ன? செய்யத் தெரியுமா என்பதுதான். வச்சலா நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி ஷெட்டுக்குப் போனாள். தனி அறைக்குள் போகும் வாளியும் வலையும் வெளியே வராது. உள்ளே வேலை பார்ப்பவர் அன்று வேறு தொட்டியைத் தொடுவதில்லை. உள்ளேயிருந்து வரும் தண்ணீர் மருந்து கலக்காமல் வெளியே போகாது. தினமும் கண்ணால் பார்த்ததுதான், எழுதத் தோன்றியதில்லை.

"கால் கழுவுற தொட்டியையும் எழுதிக்க. அதுக்குத் தண்ணி நான்தான் மாத்துறேன், ரெண்டு வேளையும்" என்றார் தர்மராஜ்.

ஒரு பக்கம் எழுத மூன்று மணி நேரம் ஆனது. சிவப்புக் கோடு விழுந்த இடத்தில் திருத்தினாள். விழாத இடத்தையும் அச்செடுத்து, விரல் வைத்துப் படித்தாள். நாலேகால் மணிக்குக் கீழே வச்சலா மூர்த்தி என்று தட்டி, அனுப்பினாள்.