சட்டை கழற்றும் நாள்

ரோண்டா கெம்பிளின் வஞ்சம் 1998 பிப்ரவரியில் பிறந்தது. அப்போது ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட்டில், இணையப் பக்கங்கள் செய்து தரும் டாரில் ஃபிட்ச்சின் சிறிய நிறுவனத்தில் அவள் வேலை பார்த்தாள். பக்கத்தைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒவ்வொரு வரியோடும் அதன் நிறத்தையும் அளவையும் எழுதுவதுதான் அன்றைய வழக்கம். ரோண்டா அலங்காரம் முழுவதையும் ஸ்டைல் ஷீட் என்ற தனிக் கோப்பில் எழுதினாள். அதில் ஒரு விதியை மாற்றினால் நூறு பக்கங்கள் மாறும். அந்த முறை அப்போதுதான் வந்திருந்தது.

தங்களுக்காக அவள் அப்படிச் செய்த பக்கத்தைப் பார்க்க ஆப்பிள் விவசாயிகள் சங்கத்தார் வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த கணினியின் உலாவிக்கு அந்த விதிகள் அரைகுறையாகவே புரிந்தன. வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன.

"என்ன கண்ணு இது, பூனை நடந்த மாதிரி?" என்றான் டாரில். "ஐயா, இதுல ஆப்பிள் எங்கன்னு யாராச்சும் கண்டுபிடிங்க பார்ப்போம்."

சங்கத்தார் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நாளையிலிருந்து நீ ஃபோனை மட்டும் எடு, போதும்."

ரோண்டா சண்டை போடவில்லை. மாதக் கடைசியில் விலகி, வீட்டு முன்னறையில் சொந்தமாகத் தொழில் தொடங்கினாள்.

உலாவிகள் மெல்ல மெல்ல விதிகளைக் கற்றுக்கொண்டன. நிறங்களுக்குப் பெயர் சூட்டி, விதிக்குள் விதி எழுதி, எல்லாவற்றையும் ஸ்டைல் ஷீட்டாக மாற்றித் தரும் துணை மொழிகள் வந்தன. பிறகு அந்த வசதிகளில் சில மூல மொழிக்கே வந்து சேர்ந்தன. 2017இல், எதையும் திரையில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தி வைக்க முடிந்தது. ஒவ்வொன்றையும் ரோண்டா கற்றாள். ஒவ்வொன்று வந்தபோதும் டாரிலின் முகம் அவள் நினைவுக்கு வந்தது.

டாரிலும் மாறினான். பழைய கட்டங்களை விட்டு ஸ்டைல் ஷீட்டிலேயே முழுமூச்சாக இறங்கினான். பக்கத்தின் எழுத்துக் கோப்பில் எது முன், எது பின் என்று பார்க்காமல் எழுதிவிட்டு, திரையில் மட்டும் இழுத்துச் சரியாக வைப்பான். அவனுடைய தளங்கள் அத்தனையையும் ரோண்டா பிரித்துப் பார்த்திருந்தாள்.

2018இல் ஒரு படகுப் போக்குவரத்து நிறுவனம், புதிய தளத்துக்கு மாதிரிப் பக்கம் செய்து காட்ட இருவரையும் அழைத்தது. மேலாளர் கெய்ல் நோரிஸ் இரண்டு தேதிகள் சொன்னாள். ரோண்டா ஏப்ரல் ஒன்பதைக் கேட்டு வாங்கினாள். தொழிலில் சிலர் அன்று ஒரு நாள் தங்கள் தளங்களின் ஸ்டைல் ஷீட்டைக் கழற்றி, வெறும் எழுத்தாக விடுவார்கள். அடியில் இருக்கும் ஒழுங்கைக் காட்டுவதற்கான வழக்கம் அது.

டாரிலின் பக்கம் அழகாக இருந்தது. கெய்லுக்குப் பிடித்துப்போனது முகத்திலேயே தெரிந்தது.

"இன்னைக்குத் தேதி ஒன்பது, டாரில்," என்றாள் ரோண்டா. "ரெண்டு பேரும் சட்டையைக் கழற்றுவோமா?"

"என்னது?" கெய்ல் திடுக்கிட்டாள்.

"எங்க சட்டை இல்லம்மா. பக்கத்தோடது."

முதலில் தன்னுடையதைக் கழற்றினாள். தலைப்பு, படகுத் துறை, நேரம், கட்டணம் எல்லாம் வரிசையாக நின்றன. டாரிலுக்கு வேறு வழியில்லை. கழற்றினான். வார நாட்கள் என்ற தலைப்பின் கீழே ஞாயிற்றுக்கிழமைப் படகுகள் வந்து நின்றன. கட்டணம் வேறெங்கோ கிடந்தது.

"கண் தெரியாதவங்களுக்குப் படிச்சுச் சொல்ற கருவி இந்த வரிசையிலதானே படிக்கும்?" என்று கெய்ல் கேட்டாள்.

"அரை மணி நேர வேலைங்க," என்றான் டாரில். "ரோண்டாவையே கேளுங்க. நீ சொல்லு ரோண்டா."

அவன் கண்கள் கெஞ்சின. அவன் சொன்னது உண்மைதான். அரை மணி நேரம் கூடத் தேவையில்லை.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ரோண்டா. "அவர் எழுதினது. எங்கெங்க இப்படி வச்சிருக்காரோ."

கெய்ல் டாரிலின் மடிக்கணினியை மெல்ல மூடினாள்.

வெளியே வந்ததும் டாரில், "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றான்.

"சொல்லியிருக்கலாம்."

துறைமுகக் கடையில் ரோண்டா, சிப்பிக் கறி அடைத்துச் சுட்ட ஸ்காலப் பை ஒன்று வாங்கினாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கவே, சூடு ஆறும் முன் முழுவதையும் தின்று முடித்தாள்.