திம்பம் ஏறாத விமானம்

தொண்ணூறுகளில் மைசூருக்கு வெளியே ஒரு பழைய ஓடுதளத்தில் எனக்குத் தரைப்பணி வேலை. பயணிகள் விமானம் கிடையாது. வெயில் இறங்கும், மேக நிழல் ஏறும். எப்போதாவது பெங்களூரிலிருந்து எங்கள் முதலாளியின் குட்டி விமானம் வரும். மற்ற நாளில் பக்கத்துக் குத்தகைக்காரர்கள் ரன்வேயில் தானியம் காயப்போடுவார்கள். விமானம் வரும் நாளில் விடியும்போதே அள்ளிவிடுவார்கள்.

அன்று மட்டும் அள்ளவில்லை. ஹனூர்ப் பக்கத்திலிருந்து இங்கே குத்தகைக்கு வந்த பழனியம்மா, கதிரடித்த கொள்ளுப் பயறைப் பரப்பிவிட்டு, தூற்றுவதற்குக் காற்று வராதா என்று மூன்றாம் நாளாக வானத்தைப் பார்த்து நின்றார். ஒரு வருஷ விளைச்சல். எங்கள் மேனேஜர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார்: "இருக்கட்டும்மா. இன்னிக்கு பிளேன் கோயமுத்தூர்லேர்ந்து வருது. கெளம்பினதும் போன் வரும். அப்பறம் அள்ளினா போதும்."

போன் வந்தது. முதலாளி கிளம்பிவிட்டார். மேனேஜர் நிதானமாகக் காபியை ஆற்றினார்.

"சார், அள்ளச் சொல்லட்டுமா?"

"சும்மா பதறாதே குமாரு. கோயமுத்தூருக்கு பஸ்ல போனதில்லையா நீ? திம்பம் மலைல கொண்டை ஊசி வளைவு தாண்டறதுக்குள்ள கொடலே வெளில வந்துடும். பெங்களூர்லேர்ந்தே அரை மணி ஆகுது. இது ஒன்றரை மணிக்குக் கம்மியா வராது."

முதலாளிக்கு வரவேற்பு மாலை கட்டிய நூல் மேஜையில் மிச்சமிருந்தது. சுவர் வரைபடத்தில் மைசூருக்கும் பெங்களூருக்கும் நடுவே பிடித்து அளந்தேன். அதே நூலைக் கோயமுத்தூர்ப் பக்கம் திருப்பினேன். ஏறக்குறைய அதே நீளம்!

"சார்! பிளேன் திம்பம் ஏறாது சார்! நேரா அரை மணிலயே வந்துடும்!"

காபி டம்ளர் உருண்டது. "அய்யய்யோ! எல்லாத்தையும் பள்ளத்துல தள்ளுங்கடா!"

ரன்வே ஓரப் பள்ளத்தில் முழங்கால் தண்ணீர். பழனியம்மா குறுக்கே வந்து நின்றார். "தள்ளுனீங்கன்னா என்ர வருசமே போச்சுங்க சாமி!"

வரவேற்புப் பந்தலை அவிழ்த்தோம். ஷாமியானாத் துணியை விரித்து, வாருகோலால், தட்டால், வெறுங்கையால் வழித்துப் போட்டோம். வரவேற்புக்கு வந்திருந்த பேண்டு வாத்தியக்காரர்கள் டிரம்மைக் கவிழ்த்து அதில் அள்ளினார்கள். மேனேஜர் டையைத் தோளில் போட்டுக்கொண்டு குனிந்து குனிந்து கூட்டினார்.

"அங்க ஓரத்துல விட்டுட்டீங்க பாருங்க சாமி," என்று பழனியம்மா அவரை வேலை வாங்கினார்.

தெற்கே ஒரு வண்டு ரீங்காரம். வண்டு பருந்தானது. ரன்வே முனைக்கு அப்பால் துணியை இழுத்துப் போட்ட நொடியில் சக்கரங்கள் தரையைத் தொட்டன. ஓடி வந்து, எங்களுக்கு முதுகு காட்டித் திரும்பியது விமானம்.

அதன் விசிறியிலிருந்து, மூன்று நாளாக வராத காற்று வந்தது! சருகும் பதரும் பொன்னாய்க் கிளம்பி மேனேஜர் தலையில் இறங்க, துணியில் சுத்தக் கொள்ளு மினுங்கியது.

இளையவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால், பஸ்ஸில் போன ஞாபகத்தை வைத்துச் சொல்லாதீர்கள். நூலைப் பிடித்துப் பாருங்கள்.

முதலாளி படியில் கால் வைக்கும் முன்பே பழனியம்மா என்னிடம் கேட்டுவிட்டார்:

"ஏனுங் தம்பி, நாளைக்கும் வருமுங்களா இது? ராகி தூத்தோணும்."