பத்தாயிரத்து ஏழு டைல்ஸ்

"பொம்பளை பிடிச்சா மட்டம் கோணும்" என்ற மேஸ்திரியிடமிருந்து தங்கை பூச்சுக் கரண்டியை வென்றாள். வெட்டும் மெஷினைத் தொடாதே என்ற சித்தப்பாவின் வாயை வென்றாள். ஒரே சீட்டு வாங்கி, குலுக்கலில் மிக்ஸியை வென்றாள். கடைசியாக பத்தாயிரத்து ஏழு என்ற எண்ணை வென்றாள். அதற்கு மட்டும் அக்காவின் உதவி தேவைப்பட்டது.

தங்கை அதுவரை மேஸ்திரிக்குக் கீழேதான் டைல்ஸ் ஒட்டினாள்; ஒப்பந்தமெல்லாம் அவர் பேரில். டைல்ஸ் கம்பெனியின் முற்றம்தான் அவள் பேருக்கே வரவிருந்த முதல் வேலை.

"இந்தப் பச்சை இனிமே வராதும்மா," என்றார் முதலாளி. "பத்தாயிரத்து ஏழு இருக்கு. நீளம் அகலம் உன் இஷ்டம், ஆனா செவ்வகமா வரணும். முழு டைல் ஒண்ணுகூட மிஞ்சக்கூடாது, வெட்டவும் கூடாது. முடியலேன்னா மேஸ்திரியைக் கூப்பிட்டுக்கறேன்."

தங்கை குடோன் சுவரில் சாக்பீஸால் வகுத்தாள். மூன்றால் போகவில்லை. ஏழால் போகவில்லை. தொண்ணூற்றேழு வரை முயன்றும் எண் கல்லுளிமங்கன் மாதிரி நின்றது.

"அதுக்கு மேலயும் வகுத்துப் பாரேன்டி," என்றாள் கூட வந்த அக்கா.

"வீண்க்கா. நூத்துக்கு மேல ஒண்ணு வகுத்தா அதோட ஜோடி நூத்துக்குள்ளயே மாட்டியிருக்கும். இது பகா எண். ஒரே வரிசையாத்தான் ஒட்டணும்."

"முற்றமா கேட்டேன், தண்டவாளமா கேட்டேன்?" என்றார் முதலாளி.

அக்கா இரண்டு செங்கல்லின் மேல் பாலமாகக் கிடந்த ஒரு டைலில் பொத்தென்று உட்கார்ந்தாள். படக்!

"குடியைக் கெடுத்தேனே!"

"சும்மா இரு அக்கா. பத்தாயிரத்து ஆறு." சாக்பீஸ் ஓடியது. "பாதி ஐயாயிரத்து மூணு. அதுவும் பிடிவாதம். ரெண்டே வரிசைதான்." இன்னொன்றைக் கழித்தாள், முகம் மலர்ந்தது. "அக்கா! இன்னொண்ணு மேல உட்காரு! எண்பத்தேழு வரிசை, வரிசைக்கு நூத்திப் பதினைஞ்சு!"

முதலாளி கால்குலேட்டரில் பெருக்கிப் பார்த்துவிட்டு, தானே ஒரு டைலை எடுத்துச் செங்கல்மேல் வைத்தார். அக்கா மூன்று முறை உட்கார்ந்தாள். வேண்டாதபோது உடைந்தது, வேண்டும்போது அசையவில்லை.

"தள்ளுங்கம்மா," என்று முதலாளியே உட்கார்ந்தார். படக்!

வேட்டியைத் தட்டிக்கொண்டே ஒப்பந்தத்தை அக்காவிடம் நீட்டினார். "பெரியவங்க நீங்க போடுங்க."

"நான் உட்கார வந்தவ. ஒட்டறவ போடட்டும்."

தங்கை சாக்பீஸ் தூளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, தன் பேரை முதன்முதலாகக் கையெழுத்திட்டாள். நாள்: 23 ஆகஸ்ட் 1994.