வெறுமனே திரும்பாத தூக்குவாளி

கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு எவர்சில்வர் தூக்குவாளி இருக்கிறது. எங்களுடையது அல்ல. மூடியில் ஒரு நசுங்கல். கைப்பிடியின் ஒரு பக்கம் கொக்கி போய், அந்த இடத்தில் கட்டுக்கம்பி. வயிற்றில் புள்ளி புள்ளியாய் வெட்டிய ஒரு பெண்ணின் பெயர். தேய்த்துத் தேய்த்து முதல் இரண்டு எழுத்து போய்விட்டது. யாரோ கல்யாணத்துக்கு வைத்த சீராக இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை அது காலியாகத் திரும்பி வந்தது. காலியாக இருப்பதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நான் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் சேஃப்டி பிரிவில் வேலை பார்க்கிறவன். முதல் ஊரடங்கில் கம்பெனி கதவைச் சாத்தியதும், குமராட்சிப் பக்கம் இருக்கும் என் மனைவியின் ஊருக்குக் குடும்பத்தோடு போய்விட்டேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நான் மாதக்கணக்கில் மாமியார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மறு வருஷம் இரண்டாம் அலையிலும் அதே கதைதான். சும்மா உட்கார்ந்து சாப்பிடும் மாப்பிள்ளையை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் சொல்லாமல் இருப்பது நன்றாகவே காதில் விழும்.

மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. குண்டான் குண்டானாகப் பொங்கி இறக்கிய தோள். அப்படிப்பட்ட மனுஷி, என் எதிரில் மட்டும் வந்து நிற்க மாட்டார். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு மகளிடம் சொல்வார்: “மாப்ளய கை கழுவச் சொல்லு”, “மாப்ளக்கி ரசம் வேணுமான்னு கேளு.” நானும் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் என் முகத்தைப் பார்த்து அவர் நேராகச் சொன்ன வார்த்தைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். மாப்பிள்ளைக்கு அவர் கொடுத்த மரியாதை அது. நான் அதைச் சுகமாகவே அனுபவித்தேன்.

அந்த ஊரில் முக்கால்வாசிப் பேர் கூலி வேலைக்காரர்கள். மினிபஸ் நின்றுபோனது, நூறு நாள் வேலை நின்றது, சிதம்பரத்துக்குக் கட்டட வேலைக்குப் போனவர்கள் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்தார்கள். இன்னொரு பக்கம், கத்தரியும் வெண்டையும் போட்டவர்கள் சந்தை இல்லாமல் செடியிலேயே முற்றவிட்டார்கள். ஒரு தெருவில் காய் அழுகுகிறது, அடுத்த தெருவில் உலை ஏறவில்லை. இதைச் சேர்த்து யோசித்தது அத்தையும் அவருடைய மகளிர் குழுப் பெண்களும்தான். குழுப் பெண்கள் போய்க் காய் பறித்துக் கொடுத்தார்கள். விவசாயி பாதியைக் குட்டியானை வண்டியில் ஏற்றிச் சிதம்பரத்துக்கு அனுப்பி, கோயிலைச் சுற்றிய வீதிகளில் வீட்டு வாசலிலேயே விற்றார். மீதிப் பாதி சத்துணவுக் கூடத்துக்கு வந்தது. அரிசி அவரவர் ரேஷன் அரிசியிலிருந்து ஆளுக்கு ஒரு படி. வீதிக்காரர்கள் சிலர் அதே வண்டியில் துவரம்பருப்பும் புளியும் கொடுத்தனுப்பினார்கள். மதியம் ஒரு வேளை, கேட்ட வீட்டுக்கெல்லாம் குழம்பும் சோறும். அவ்வளவுதான் திட்டம். மீட்டிங் போட்டு யாரும் எழுதியது இல்லை.

சோறு தூக்குவாளியில் போனது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தங்கள் வாளியைக் காலையில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். நிரம்பிப் போகும், கழுவித் திரும்பி வரும். அங்கேதான் ஒரு சங்கதி. எங்கள் பக்கத்தில் யார் வீட்டிலிருந்து என்ன வந்தாலும் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். ஒன்றும் இல்லாத வீடும் ஒரு சிட்டிகை சர்க்கரையாவது போட்டுத் தரும். ஊரே முடங்கிக் கிடந்த அந்த நாளிலும் அது மாறவில்லை. சோறு வாங்கிச் சாப்பிட்ட வீடுகளிலிருந்து வாளிக்குள் இரண்டு பச்சை மிளகாய் வரும், ஒரு கொத்துக் கறிவேப்பிலை வரும், ஒருநாள் ஒரு முட்டை வந்தது. மறுநாள் குழம்புக்கு அதுவும் சேரும். வாங்கிச் சாப்பிடுகிறோம் என்ற குன்றல் யாருக்கும் இல்லாமல் போனது அதனால்தான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை.

அத்தை ஒவ்வொரு வாளியையும் தானே திறந்து பார்ப்பார். நான் முதலில் பேராசை என்றே நினைத்தேன், கடவுளே! ஒருநாள் என் மனைவியிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது. “ஏண்டி, கொளத்தங்கரை ஊட்லேருந்து ரெண்டு நாளா வாளி வெறுமனே வருது. அவ அப்புடி அனுப்பறவ இல்ல. இன்னான்னு பாத்துட்டு வரேன்.” போனார். அந்த வீட்டில் கைக்குழந்தைக்கு ஜுரம் கண்டு, இழுத்துக்கொண்டு கிடந்தது. புருஷன் திருப்பூரில் மாட்டிக்கொண்டான். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் அந்தப் பெண் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காய் வண்டியிலேயே ஏற்றிச் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிள்ளை பிழைத்தது. வெறும் வாளி வந்தால் அந்த வீட்டை அன்றைக்கே போய்ப் பார்ப்பது என்பது அத்தையின் வழக்கம். அவர் அதை யாருக்கும் விளக்கியதில்லை, நானும் கேட்டதில்லை.

மறு வருஷம் நோய் ஊருக்குள்ளேயே வந்தது. நாலு வீட்டு வாசலில் தகரம் வைத்து மறித்தார்கள். அப்போதுதான் என் மேதாவித்தனம் விழித்துக்கொண்டது. எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு: வெளியே போன டிரம், மருந்து போட்டுக் கழுவாமல் கேட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது. நோய் வீட்டுக்குப் போன வாளி அடுப்படிக்குத் திரும்பி வருவதைப் பார்த்ததும் எனக்கு அந்த டிரம்தான் ஞாபகம் வந்தது. “இனிமே வாளி கிடையாது. இலையில கட்டி, கவர்ல போட்டு வேலியில மாட்டுவோம். அங்கேருந்து எதுவும் திரும்பி வரக்கூடாது,” என்றேன். குழுப் பெண்கள் அத்தையைப் பார்த்தார்கள். அத்தை கரண்டியைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “மாப்ள சொன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார், என்னிடம் இல்லை, அவர்களிடம். பத்துப் பேர் சொல்லியிருந்தால் அவர் எதிர்த்துச் சண்டை போட்டிருப்பார். சொன்னது நான்.

என் விதி தப்பு என்று இன்றைக்கும் என்னால் ஒரேயடியாகச் சொல்ல முடியவில்லை. அந்த மாதம் சமையல்காரப் பெண்கள் யாருக்கும் நோய் வரவில்லை. அதை நினைத்து என்னை நானே தேற்றிக்கொண்டதும் உண்டு.

மேட்டுத்தெருவின் கடைசி வீட்டில் ஒரு மாமா இருந்தார். நடவுக்கும் அறுப்புக்கும் போகிற ஆள், சர்க்கரை வியாதிக்காரர். அவர் மனைவி நோய் முற்றிச் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். மகள் வெளியூரில். மாமாவும் அதே நோயோடு வீட்டுக்குள் தனியாக அடைந்து கிடந்தார். அந்த வீட்டு வாளிதான் இந்தக் கட்டுக்கம்பிக் கைப்பிடி வாளி. அதில் தினமும் முருங்கைக்கீரை திரும்பி வரும், காம்பு ஆய்ந்து, இலை மட்டும். “மாப்ள நம்ம ஊரு கீரையத் தின்னுதான் இப்புடி செவப்பாயிட்டாரு” என்று தெருவே கேட்கக் கிண்டல் செய்வார். நான் ஒன்றும் சிவப்பு இல்லை.

கவர் போன முதல் நாள், நான்தான் மொபெட்டில் கொண்டுபோனேன். வேலிக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்று, துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அவர் கேட்டார்: “வாளி எங்க மாப்ள? கீர ஆஞ்சி வச்சிருக்கேன். எதுல போட்டு அனுப்பறது?”

“வேணாம் மாமா. இனிமே எதையும் அனுப்பாதீங்க.”

“அட, கீரதான!”

“சொன்னா கேளுங்க மாமா.”

கையில் வைத்திருந்த கீரையை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். நான் வண்டியைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தினமும் மதியம் போவேன். நேற்று மாட்டியது வேலியில் இருக்காது. சரி, சாப்பிடுகிறார் என்று இன்றையதை மாட்டிவிட்டு வந்துவிடுவேன். இரண்டு தடவை குரல் கொடுத்தேன், பதில் இல்லை. தூங்குகிறார் போல, நோயாளியை எழுப்பக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் நாள் மாட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவன், தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க மறந்தது ஞாபகம் வந்து திரும்பினேன். ஒரு வெள்ளாடு முன்னங்காலை வேலியில் ஊன்றி நிமிர்ந்து, கவரைப் பிய்த்து, இலையோடு சோற்றைத் தின்றுகொண்டிருந்தது. பழகிய ஆடு. என்னைப் பார்த்தும் நகரவில்லை.

எனக்கு முதலில் ஆட்டின் மேல்தான் கோபம் வந்தது. கல்லெடுத்து எறிந்தேன். எறிந்த பிறகுதான் உறைத்தது. அத்தனை நாளும் யார் தின்றது?

உள்ளே கட்டில் பக்கத்தில் தரையில் கிடந்தார். உயிர் இருந்தது. உதடு வெடித்து, பேச்சில்லை. வாசல் படிக்கு உள்பக்கம் ஒரு முறத்தில் முருங்கைக்கீரை காய்ந்து கிடந்தது. அதே குட்டியானையில் சிதம்பரம் கொண்டுபோனோம். மூன்றாம் நாள் போய்விட்டார். நோயா, சர்க்கரையா, பட்டினியா என்று கேட்டேன். டாக்டர் பாவம், முழுக் கவச உடையில் வேர்த்து ஒழுக நின்றுகொண்டிருந்தார். “எல்லாம்தான் சார்,” என்றார். உடம்பை ஊருக்குக் கொண்டுவரவில்லை. அதே கட்டடத்தில் மேல் மாடியில் படுத்திருந்த அவர் மனைவிக்கு ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னார்கள்.

அன்று வீட்டுக்கு வந்து கிணற்றடியில் நின்று குளித்துவிட்டு உட்கார்ந்தேன். அத்தை வந்தார். கதவுக்குப் பின்னால் நிற்கவில்லை, என் எதிரே வந்து நின்றார்.

“வாளி போயி வந்திருந்தா மறுநாளே தெரிஞ்சிருக்கும் மாப்ள.”

“தெரிஞ்சும் ஏன் அத்தை சொல்லல?” என்று கத்தினேன். அவர் மேல் பழியைப் போட எனக்கு ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை, பாருங்கள்.

“மாப்ள சொன்னத எப்புடி எதுத்து சொல்றது?” என்றார். “சொல்லியிருக்கணும். என் மேலயும்தான் தப்பு.”

மறுநாள் காலை சத்துணவுக் கூடத்து வாசலில் வாளிகள் மறுபடி வரிசையாக இருந்தன. பக்கத்தில் ஒரு அண்டாவில் வெந்நீர் கொதித்தது. திரும்பி வரும் வாளியை அதில் முக்கி எடுத்துத்தான் உள்ளே விட்டார்கள். இத்தனை எளிய வேலை! சேஃப்டி படித்தவனுக்கு அது தோன்றவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை.

மாமாவின் வாளி மட்டும் அடுப்படி மூலையிலேயே இருந்துவிட்டது. அவர் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு கம்பெனி திறந்தது, நாங்கள் கடலூர் திரும்பினோம். அத்தை ஓய்வு பெற்று, முழங்கால் வலியோடு எங்களிடம் வந்தபோது மூட்டைக்குள் அந்த வாளியும் வந்தது. மாமாவின் மனைவி ஊருக்கே திரும்பிவிட்டார் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அத்தை மகளிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்: “மாப்ளய அந்த வாளிய குடுத்துட்டு வரச் சொல்லு.” இன்றைக்கு, நாளைக்கு என்று வருஷக்கணக்கில் தள்ளினேன். வாளியைக் கொடுத்தால் ஆட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டைத் தவிர யாருக்கும், அந்தம்மாவுக்கும், அது தெரியாது. தன் புருஷன் தினமும் ஊர்ச் சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் போனார் என்று எல்லாரிடமும் சொல்லி ஆறுதல்பட்டுக்கொண்டிருந்தார்.

போன ஞாயிறு போனேன். அத்தை பச்சரிசியும் பாசிப்பருப்பும் நிரப்பிக் கொடுத்திருந்தார். அந்தம்மா முகம் மலர்ந்து, “அட, எங்க ஊட்டு வாளி!” என்று வாங்கி, தேய்ந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். டீ போடப் போனவரை உட்காரச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். கவர், கீரை, ஆடு, ஐந்து நாள், முறம். அந்தம்மா அழவில்லை. எழுந்து அரிசியை ஒரு சட்டியில் கொட்டினார். வாளியைக் குழாயடியில் கழுவினார், முந்தானையால் துடைத்தார், மூடியைப் போட்டு என் கையில் கொடுத்தார்.

“இது எனக்கு வேணாம். எடுத்துகினு போங்க.”

வாசலில் மாமா கீரை பறித்த முருங்கை மரம் இலையும் பூவுமாக நின்றது. அதைத் தாண்டித்தான் வெளியே வந்தேன். மினிபஸ்ஸில் மடியில் வைத்திருந்த வாளி, குலுங்குகிற இடத்திலெல்லாம் கைப்பிடி மட்டும் ஆடிச் சத்தம் போட்டது. உள்ளே ஒன்றும் இல்லை.

வீட்டில் அத்தை வாளியை வாங்கி, பழைய வழக்கத்தில் மூடியைத் திறந்து பார்த்தார்.

“சொல்லிட்டீங்களா மாப்ள?”

“சொல்லிட்டேன் அத்தை. இனிமே அந்த வாசப்படி மிதிக்க முடியாது.”

“அது எப்புடி?” என்றார் அத்தை. “வெறும் வாளி வந்த ஊட்ட அப்புடியே உட்டுட முடியுமா? மறுபடியும் போயி பாக்கணும்.”

ஒரு வாரமாக அது மேல்தட்டில் இருக்கிறது. இதுவரை நேற்றிரவு எழுதியது. இன்று காலை எழுந்து பார்த்தால், அத்தை முழங்காலைப் பிடித்துக்கொண்டு அதைக் கீழே இறக்கி, அரிசி அளந்து போட்டுக்கொண்டிருந்தார். நான் சட்டையை மாட்டிக்கொண்டேன்.