புளியில் குளித்த பைன் மரம்

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் ஸ்காபரோ அப்பார்ட்மென்டில் ஒரு பைன் மரம் புளியில் குளித்தது. குளிப்பாட்டியவர் என் மனைவி சாந்தா.

நிஜ மரமல்ல. உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டமான இரும்புத் தகடு, நடுவில் ஒரு துவாரம். ஜப்பானிய வாளில் கைப்பிடிக்கும் அலகுக்கும் இடையே பொருத்துவது — கை வழுக்கி அலகில் பட்டுவிடாமல் காக்க. 'சுபா' என்பார்கள். அதில் ஒரு பைன் மரம் செதுக்கியிருந்தது.

என்னோடு வேலை செய்யும் கென்ஜியின் தாத்தாவுடையது. உலகப் போரின்போது, இதே கனடாவில், ஜப்பானியர் என்பதாலேயே வீடும் படகும் பறிபோன குடும்பம். மிஞ்சியது இது ஒன்றுதான். என் பத்திரிகைப் பத்தியில் எழுதுகிறேன் என்று நான்தான் இரவல் கேட்டேன். எனக்கு ஏன் இந்த வேலை?

சுபாக்களில் செதுக்கும் மரங்களுக்கு லஞ்ச் நேரத்தில் கென்ஜி விளக்கமும் சொல்லியிருந்தார். பிளம் மரம் என்றால் துணிவு. பனி கரையுமுன்பே பூத்துவிடும். வில்லோ வளையும், முறியாது. பைன்... எந்தக் குளிரிலும் பச்சை மாறாது. உறுதிக்கும் நீண்ட ஆயுளுக்கும் அடையாளம்.

"வெட்டுகிற ஆயுதத்தில் மரம் எதற்கு?" என்று கேட்டேன்.

"வெட்டுகிற பக்கத்தில் இல்லையே, பிடிக்கிற பக்கத்தில்தானே" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், குத்துவிளக்குக்குப் பக்கத்தில் அதுவும் பளபளவென்று இருக்கிறது.

"சரியாக் கறள் பிடிச்சுக் கிடந்தது. விளக்கு மினுக்கேக்க இதையும் பழப்புளி போட்டுத் தேச்சனான். வடிவா இருக்கல்லோ?"

அவள் துரு என்று நினைத்த அந்தக் கறுத்த பழுப்புதானே அதன் அழகு! தலைமுறை தலைமுறையாகக் கைபட்டு ஏறிய நிறம். விஷயத்தைச் சொன்னதும் சாந்தா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பேசாமல் துணியில் சுற்றிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நான் யோசித்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் யோசித்தேன். சாந்தா என் முகத்திலேயே அதைப் படித்துவிட்டாள்.

"இதை ஒளிக்காதேங்கோ. அவரை ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கோ. நானே சொல்லுறன்."

கென்ஜி வந்தார். சாந்தா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தகட்டை ஜன்னலோரம் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பத்து வருட நட்பு முடிந்தது என்றே நினைத்தேன்.

"வருத்தம்தான்" என்றார். பிறகு, "பைனில் பனி விழுந்திருக்கிறது. அதற்கு இது புதிதில்லை."

நிறம் திரும்புமா? திரும்புமாம், ஆனால் வருடங்கள் ஆகும். தினமும் மெல்லிய பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். யார் துடைப்பது? அவர் தகட்டைச் சாந்தாவின் கையில் வைத்தார்.

"என்னட்டையோ? இஞ்சருங்கோ, எனக்குப் பயமாக் கிடக்கெண்டு சொல்லுங்கோ."

சொன்னேன்.

"பயப்படுகிற கைதான் கவனமாகத் துடைக்கும்" என்றார் கென்ஜி.

இப்போது தினமும் காலையில் பழைய சேலைத் துண்டால் துடைக்கிறாள். மாதம் ஒருமுறை கென்ஜி வந்து பார்த்துவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார். ஒன்றுதான் மாறிவிட்டது... சாந்தா பழப்புளியைத் தொடுவதில்லை. குத்துவிளக்கு தேய்க்கும் வேலை என் தலையில் விழுந்துவிட்டது.

இதை எழுதும் விரல்களிலும் புளி மணக்கிறது!