ஐரீன் கேட்டு வாங்கிய முதல் புடவை

இராயபுரத்தில் பெண்களுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் ஐரீனுக்குப் பொறாமைக் குணம் உண்டு என்பது தெருவுக்கே தெரிந்த சங்கதி. அவளும் அதை ஒளித்ததில்லை. எட்டு வயதில் மாதா கோயிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கப் போனபோது, பக்கத்தில் நின்ற பெண்ணின் வெள்ளைக் கவுனில் மூன்று அடுக்கு லேஸ் இருந்தது. இவள் கவுனில் ஒன்றே ஒன்று. நற்கருணை நாக்கில் இருக்கும்போதே கண்ணால் அந்த மூன்று அடுக்கையும் திரும்பத் திரும்ப எண்ணினாளாம். அடுத்தவள் கவுனைப் பார்த்து ஏங்குவதற்கு நாமே தைத்துக்கொண்டால் என்ன என்று வீம்பாகத் தையல் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தாள். பதினெட்டு வயதில் சொந்தமாக ஒரு மெஷின். இருபது வயதில் கல்மண்டபத்திலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் அவளைத் தேடி வந்தார்கள். பொறாமை யாருக்காவது சோறு போட்டது என்றால் அது ஐரீனுக்குத்தான்.

புருஷன் லியோனார்ட், ஹாங்காங் கம்பெனிக் கப்பல் ஒன்றில் ரெண்டாவது இன்ஜினியர். திருவொற்றியூர்ப் பட்டறையில் கரிக் கையோடு வேலை பழகி, பரீட்சை மேல் பரீட்சை எழுதி மேலே வந்த ஆள். வருஷத்தில் ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. கல்யாணமாகி எட்டு வருஷம், பிள்ளை இல்லை. நல்லவன்தான். ஆனால் எதிரில் நிற்பவளின் முகம் வாடியிருக்கிறதா மலர்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரியாதவன். இன்ஜினில் ஒரு சின்னச் சத்தம் மாறினால் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுவான். பெண்டாட்டியின் குரல் மாறினால் குறட்டை இன்னும் பலமாகும்.

அந்தப் பக்கத்தில் கப்பல்காரன் பெண்டாட்டிகளுக்கு ஒரு வழக்கம். புருஷனுக்குக் கடிதம் எழுதினால் கடைசியில் கோடு போட்டு ஒரு லிஸ்ட் எழுதுவார்கள். டார்ச் லைட், நைலான் புடவை, பவுடர், குளிர்கண்ணாடி. ஐரீன் மட்டும் லிஸ்ட் எழுதுவதில்லை. மற்றவர்கள் வாங்கி வைத்திருப்பதைப் பார்த்து வயிறு எரியாமல் இல்லை, எரிந்தது. ஆனாலும் எழுதமாட்டாள்.

"கேட்டு வாங்கினா அது இன்னா பிரியம்? அவரா நெனச்சுக்கினு வாங்கியாரணும்" என்பாள்.

அவனாக நினைத்துக்கொண்டு கொண்டுவந்தது கப்பலில் சும்மா கிடைக்கும் சோப்பும் சீஸ் டின்னும்தான். எட்டு வருஷமாக அதே சோப்பு, அதே டின். அவளும் எட்டு வருஷமாக, அடுத்த தடவை, அடுத்த தடவை என்று இருந்தாள்.

எழுபத்தைந்தாம் வருஷ லீவில் வந்தபோது லியோனார்ட் பர்ஸிலிருந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்துக் காட்டினான். சீட்டுக்கட்டுச் சீட்டு அளவுதான் இருந்தது. அவன் பெயர் அதில் மேடாக எழும்பி நின்றது. ஐரீன் விரலால் தடவிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது?"

"இத்த நீட்டினா போதும்மே. கடைக்காரன் ஒரு மெஷின்ல வெச்சுத் தேய்ச்சு சீட்டு குடுப்பான். கையெழுத்துப் போட்டா சாமான் நம்மளுது."

"அப்ப துட்டு?"

"அந்தக் கடைக்காரன் ஆங்காங் பேங்க்காரன் கிட்ட வாங்கிக்குவான். பேங்க்காரன் என் சம்பளத்துல புடிச்சுக்குவான். எந்த ஊர்ல எந்தக் கடைன்னு எழுதிக் காகிதம் ஒண்ணு வூட்டுக்கு வரும். பிரிச்சுப் பாத்துட்டு பத்திரமா வெய்யி."

அவன் அப்படிச் சொல்லிவிட்டுக் கப்பலேறிவிட்டான். அந்தக் காகிதம் ஒரு பெண்டாட்டிக்கு என்ன செய்யும் என்று அவனுக்கு எங்கே தெரியும்? அதுவரைக்கும் கடலுக்குப் போனவன் எங்கே போனான், எந்தக் கடையில் ஏறி இறங்கினான் என்று இராயபுரத்தில் எந்தப் பெண்ணுக்கும் தெரிந்ததில்லை. வந்து சொன்னால்தான் உண்டு. சொல்லாமல் விட்டதைக் கேட்க வழியில்லை.

எட்டு மாதம் கழித்து ஏர் மெயில் உறை ஒன்று வந்தது. உள்ளே நாலே நாலு வரி. ஐரீன் கான்வென்டில் படித்தவள், எழுத்துக் கூட்டாமலே வாசித்தாள். லிவர்பூலில் பெண்கள் செருப்புக் கடை. ராட்டர்டாமில் சென்ட் கடை. ஜப்பானில் கோபேயில் கைக்கடிகாரக் கடை. சிங்கப்பூரில் வா செங் பட்டுக்கடை. ஒவ்வொன்றுக்கும் தேதி, தொகை.

அன்றைக்கு ஐரீன் மெஷினில் உட்காரவில்லை. எட்டு வருஷம் காத்திருந்தது வீண் போகவில்லை என்று நெஞ்சு பொங்கியது. செருப்பு, சென்ட், கடிகாரம், பட்டு! ஒரு வார்த்தை கேட்காமல்! பீரோவில் நடுத்தட்டைக் காலி செய்து புதுத்தாள் விரித்தாள். காகிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். லிஸ்ட் எழுதும் பெண்களை நினைத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, பாவம் என்று பட்டது.

பதினைந்தாம் நாள் சிலுவையம்மாள் வந்தாள். அவள் புருஷன் இன்னாசி அதே கப்பலில் சமையல்காரன். ஒப்பந்தம் முடிந்து, கப்பல் சிங்கப்பூரில் நின்றபோதே இறங்கி ஊருக்கு வந்துவிட்டிருந்தான். சிலுவையம்மாளுக்கு இருபத்தைந்து வயது. பார்க்க லட்சணமாக இருப்பாள். லியோனார்ட் ஒரு தடவை அவள் வைத்த நெத்திலிக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு வாரம் அதையே பேசினான். ஐரீன் அதை மறக்கவில்லை.

"யக்கா, இத்தப் பாரேன். உள்தலைப்புல ஜாக்கெட்டுத் துணி கீது. வெட்டித் தைச்சுக் குடு. கோயில் திருவிழாவுக்குக் கட்டணும்."

அட்டைப்பெட்டியைத் திறந்தாள். மயில்கழுத்து நிறத்தில் ஜார்ஜெட் புடவை. முந்தானை முழுக்க வெள்ளைப் பூ. பெட்டியின் மூடியில் பொன்னெழுத்தில், வா செங் பட்டுக்கடை, சிங்கப்பூர்.

ஐரீன் மூடியை இன்னொரு தடவை படித்தாள்.

"யாரு வாங்கியாந்தது?"

"எங்க வூட்டுக்காரரு தான். வேற யாரு?" என்று சிரித்தாள் சிலுவையம்மாள். "கலரு மட்டும் லியோனார்டு அண்ணன் எடுத்துக் குடுத்தாராம். செகப்பா கீற பொண்ணுக்கு இதான் எடுக்கும்னாராம்."

ஐரீன் அவளைத் திரும்பி நிற்கச் சொன்னாள். அளவு எடுத்தாள். அந்த இடுப்பைச் சுற்றி டேப்பை இழுத்தபோது எண்ணிக்கை மனதில் நிற்கவில்லை. இரண்டு தடவை அளந்தாள். சிலுவையம்மாள் போனதும் கதவைச் சாத்திவிட்டுக் காகிதத்தை எடுத்தாள். அதே கடை. தேதியும் இன்னாசி இறங்கியதற்கு முதல் நாள். இன்னாசியிடம் அட்டை ஏது? துறைமுகத்துக்குத் துறைமுகம் கப்பலில் கையில் கொடுப்பது டீக்கும் சிகரெட்டுக்கும்தான் சரியாக இருக்கும் என்று லியோனார்டே சொல்லியிருக்கிறான். அப்படியானால் அந்தச் சீட்டில் கையெழுத்துப் போட்டது யார்? என் புருஷன். யாருக்காக? செகப்பா கீற பொண்ணுக்காக.

புடவையை மேஜையில் விரித்தாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடி முன் தோளில் போட்டுப் பார்த்தாள். மாநிறத்துக்கும் நன்றாகத்தான் எடுத்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இந்த நிறம் தனக்கு எடுக்காது என்று யார் சொன்னது? இவனுக்கு யார் சொன்னது?

ஜாக்கெட்டுத் துணியை உள்தலைப்பில்தான் வெட்ட வேண்டும். முதல் நாள் கத்தரி பிடிக்கிற சின்னப் பெண்ணுக்குக்கூட அது தெரியும். ஐரீன் புடவையைத் திருப்பிப் போட்டாள். வெள்ளைப் பூ முந்தானையை நேராக்கி, மடித்து, சாக்பீஸால் கோடு கிழித்து, முக்கால் கெஜம் வெட்டினாள். கத்தரி நடுங்கவேயில்லை. வெட்டி முடித்த பிறகுதான் உட்கார்ந்து அழுதாள்.

மறுநாள் சிலுவையம்மாளிடம், "கை தவறிப் பூட்சும்மா. தலைப்பு மாத்தி வெட்டிட்டேன்" என்றாள்.

சிலுவையம்மாள் முந்தானையில்லாமல் மொட்டையாக நின்ற புடவையைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணில் நீர் தளும்பியது. சண்டை போடுவாள், கத்துவாள் என்று ஐரீன் தயாராக இருந்தாள். பதிலுக்கு நாலு கேட்கலாம் என்றும் வைத்திருந்தாள்.

"உன் கை தவறாதேக்கா. ஒடம்பு கிடம்பு சரியில்லியா? வுடு, பழசு எதுனா கட்டிக்கிறேன்."

அதோடு விட்டாளா? சாயங்காலம் ஒரு கிண்ணம் நெத்திலிக் குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஐரீன் தொடக்கூடாது என்றுதான் இருந்தாள். பசித்தபோது தொட்டாள். ருசியாகத்தான் இருந்தது. அதற்கும் சேர்த்து வயிறு எரிந்தது.

மூன்று வாரம் கழித்து லியோனார்ட் வந்தான். பெட்டியைத் திறந்து சோப்பு எடுத்து வைத்தான், சீஸ் டின் எடுத்து வைத்தான். பெட்டி காலி. ஐரீன் காகிதத்தைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள்.

"இந்த நாலும் எங்க?"

அவன் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தான். முகத்தில் கள்ளம் ஒன்றும் இல்லை.

"ஓ, இதுவா! கப்பல்ல என் ஒருத்தன் கிட்டதான்மே அட்டை கீது. கரை எறங்குனா எல்லாரும் பின்னாடியே வந்துடறானுங்க. அவனவன் பொண்டாட்டி லிஸ்ட் அனுப்பியிருப்பா, கையில துட்டு இருக்காது. நான் கையெழுத்துப் போடுவேன். சம்பளம் வாங்கினதும் திருப்பிக் குடுத்துடுவான். இந்தப் பட்டுக்கடை நம்ம இன்னாசிக்கு. ஆறு கடுதாசி எழுதிட்டாளாம் அவ. மயில்கழுத்து, வெள்ளைப் பூன்னு பூரா எழுதியிருந்தா. படிக்க எழுத வராது அவனுக்கு, நான்தான் படிச்சு எடுத்துக் குடுத்தேன்."

"செகப்பா கீற பொண்ணுக்கு இதான் எடுக்கும்னு சொன்னியாமே?"

"அது கடைக்காரி சொன்னாம்மே. எனக்கு இன்னா தெரியும் கலரப் பத்தி?"

ஐரீனுக்கு மேஜை மேல் விரித்த புடவை கண்ணில் வந்து நின்றது. கத்தரியின் சத்தம்கூடக் கேட்டது. ஆனால் அதைவிட அவசரமான ஒன்று அப்போது அவள் மனதில் இருந்தது. இன்னொருத்தி இல்லை என்றால், மீதி மூன்று வரி?

"செருப்பு?"

"டெக் ஆளுங்க மேஸ்திரி, செராங் ஹபீபுல்லா, அவரு மகளுக்கு."

"கடியாரம்?"

லியோனார்ட் வெட்கப்பட்டுக்கொண்டே மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினான். "பழசு நின்னு பூட்சு."

சென்ட் ஒன்றுதான் பாக்கி. மூன்று வாரமாக இந்த வரிகள் எந்தப் பெண்ணுக்கும் ஆகாமல் இருக்கவேண்டும் என்று மாதாவிடம் மன்றாடியவள், இப்போது இந்த ஒரே ஒரு வரி ஒரு பெண்ணுக்காக இருக்கவேண்டும், அது தானாக இருக்கவேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டியின் ஓரத்தில், சட்டை மடிப்பில், எங்கேயாவது ஒரு சின்ன பாட்டில் இருக்கக்கூடாதா?

"சென்ட்டு?"

"ஒயர்லெஸ்காரன் சௌக்கத் அலிக்கு நிச்சயம் ஆயிடுச்சு. பொண்ணுக்கு அனுப்பணும்னான்."

ஐரீன் காகிதத்தை அவன் மடியிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் கையெழுத்துப் போட்டியே. எனக்குன்னு ஒரு வரி போடணும்னு தோணலியா?"

லியோனார்ட் நிஜமாகவே திகைத்தான். "நீ தான் ஒண்ணும் கேக்க மாட்டியே ஐரீனு! கப்பல் பூரா அதான் பேச்சு. லியோனார்ட் சம்சாரம் மாதிரி ஆசையில்லாத மனுஷியப் பாத்ததில்லன்னு கேப்டனே சொன்னாரு. நான் எம்மாம் பெருமையா கீறேன் தெரியுமா?"

ஆசையில்லாத மனுஷி! ஐரீனுக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை. ஒருத்தி இருந்து, அவளுக்கு இவன் வாங்கிக் கொடுத்திருந்தால், அந்த ஒருத்தியைத் திட்டித் தீர்த்திருக்கலாம். இப்போது திட்ட ஆளில்லை. லிஸ்ட் எழுதிய அத்தனை பேர் மேலும் அவளுக்குப் பொறாமை வந்தது. ஆறு கடுதாசி எழுதிய சிலுவையம்மாள் மேல் எல்லோரையும்விட அதிகமாக வந்தது. வாய்விட்டுக் கேட்டாள், கிடைத்தது, கிடைத்ததை நான் வெட்டினேன்.

முந்தானை வெட்டிய கதையை அன்றைக்கே லியோனார்டிடம் சொல்லிவிட்டாள். அவன் சிரித்தான், அவள் முகத்தைப் பார்த்து, அதிசயமாக, நிறுத்திக்கொண்டான்.

லீவு முடிந்து அவன் கிளம்பிய காலையில் ஐரீன் துறைமுக வாசல் வரைக்கும் கூடப் போனாள். காவல்காரன் பாஸைப் பார்த்துக்கொண்டிருந்தபோது புருஷனின் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"ஒண்ணு வாங்கியாறணும்."

லியோனார்டின் முகம் மலர்ந்துவிட்டது. எட்டு வருஷத்தில் முதல் தடவை. பாக்கெட்டிலிருந்து பேனாவும் சிகரெட் அட்டையும் எடுத்தான். "சொல்லும்மே, இன்னா வோணும்? எதுவா இருந்தாலும் சொல்லு."

"சிங்கப்பூரு வா செங் கடை. ஜார்ஜெட்டு. மயில்கழுத்து, முந்தானையில வெள்ளைப் பூ."

"உனக்கா?"

"சிலுவைக்கு" என்றாள் ஐரீன். "வேற கலரு வாங்கியாந்துடாதே."

அவன் எழுதிக்கொண்டு, வேறு ஏதாவது என்பதுபோல் பார்த்தான். எனக்கும் ஒன்று என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. காவல்காரன் பாஸைத் திருப்பிக் கொடுத்தான். லியோனார்ட் உள்ளே போய்விட்டான்.

நாலாம் மாதம் காகிதம் வந்தது. அந்தத் தடவை ஒரே ஒரு வரி. வா செங் பட்டுக்கடை, சிங்கப்பூர். யாருக்கு, எந்த நிறம், எதற்காக என்று எல்லாம் தெரிந்த வரி. அவளே வாயைத் திறந்து கேட்டு வாங்கிய வரி. அதைப் படித்துவிட்டு ஐரீன் பட்ட பொறாமை கொஞ்சநஞ்சமல்ல.