கிளாரிக்கு உதவி தேவையில்லை

கிளாரி பெங்கல்லி இருபத்தெட்டு வருடம் டில்கா ஊருக்குப் போகும் பாலைவன மணல்பாதையில் மாட்டுப்பண்ணை வண்டி ஓட்டியவர். மணல்மேட்டில் ஏறும்முன், புதையாமல் இருக்க டயரில் காற்றைக் குறைப்பது நகரத்துக்காரர்களின் பலவீனம் என்பது அவருடைய கொள்கை. மணலிடம் இதை யாரும் சொல்லி வைக்கவில்லை.

1986 அக்டோபர், சனிக்கிழமை. பகல் இரண்டு மணிக்கு மகள் நெரிடாவின் திருமணம். ஊர் மன்றத்துக்குள் அவளைக் கைபிடித்து அழைத்துப் போக வேண்டியவர் தகப்பனாரான கிளாரி. வீட்டார் முந்தின நாளே டில்காவுக்குப் போய்விட்டார்கள். இவர் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, புதுக் கோட்டுடன் காலையில் கிளம்பினார். மூன்றாவது மணல்மேட்டின் உச்சியில் வண்டியின் வயிறு மணலில் படிந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை ஏறி மிதித்து கிளட்சையும் கருக்கினார்; இனி வண்டி தானாக நகராது. அதன்பிறகு காற்றைக் குறைத்தால் என்ன, பாட்டுப் பாடினால் என்ன.

எங்கள் பக்கம் நிற்கும் வண்டியைக் கண்டால் யாரும் விசாரிக்காமல் போவதில்லை. பிரச்சினை எதுவும் இல்லை என்பதே பதில். வேறு பதிலை எங்கள் ஆண்கள் கற்றதில்லை. இரண்டாம் முறை கேட்பதோ பெரிய அவமரியாதை.

முதலில் வேலி பழுதுபார்க்கும் வின்ஸ் வந்தார்.

"என்ன கிளாரி, மாட்டிக்கிட்டியா?"

"யாரு, நானா? இன்ஜின் சூடு ஆறட்டும்னு நிறுத்தியிருக்கேன்."

"உச்சியிலயா?"

"இங்கதானய்யா காத்து வருது."

"அதுவும் சரிதான். கல்யாணத்துல பார்ப்போம்."

வின்ஸ் மேட்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். அடுத்து வந்தவர், திருமணத்தை நடத்திவைக்க வேண்டிய பாதிரியார்.

"நேரமாகலையா கிளாரி?"

"நீங்க முன்னால போங்க ஃபாதர். நான் வர்றதுக்குள்ள ஆரம்பிச்சிடாதீங்க."

பாதிரியாரும் இந்தப் பக்கத்துக்காரர்தான். மரியாதை தெரிந்தவர். போய்விட்டார்.

இரண்டே முக்காலுக்கு மாப்பிள்ளையின் வண்டி வந்து நின்றது. கல்யாண உடையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இறங்கியவள் நெரிடா.

"அப்பா, மாட்டிக்கிட்டீங்களா?"

"ஒண்ணும் பிரச்சினையில்லம்மா. சும்மா..."

"அப்படியா, நல்லது. நான் திரும்பிப் போறேன். வின்ஸ் அங்கிள் கையைப் பிடிச்சுக்கிட்டு உள்ள போயிக்கிறேன்."

அவள் வண்டியில் ஏறி இன்ஜினைக் கிளப்பிவிட்டாள். கிளாரி கோட்டைக் கழற்றி, மடித்து, இருக்கையில் வைத்தார்.

"கயிறு எங்க வெச்சிருக்கே?" என்றார்.

உதவி என்ற சொல்லை அப்போதும் அவர் பயன்படுத்தவில்லை.

மன்ற வாசலில் மணப்பெண் ஓட்டிய வண்டி முன்னாலும் தகப்பனாரின் வண்டி பின்னாலுமாக வந்து நின்றன. மொத்த ஊரும் வெளியே நின்றது.

"பொண்ணு தனியா வர்றாளேன்னு பின்னாலயே துணைக்கு வந்தேன்," என்றார் கிளாரி, கோட்டை மாட்டிக்கொண்டே.

கயிற்றை இன்னும் யாரும் அவிழ்த்திருக்கவில்லை.